வரப்போவதற்கு விலை போடுவது எப்படி?
நிகழ்தகவுக் கணக்கு பிறந்த வரலாறும் வணிகருக்கு அது தரும் பாடமும்



நம் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் 'நிகழ்தகவு' என்று ஒரு பாடம் இருக்கிறது. நாணயத்தைச் சுண்டினால் பூவா தலையா, பகடையை உருட்டினால் ஆறு விழ எத்தனை வாய்ப்பு என்றெல்லாம் அதில் கேட்டிருப்பார்கள். இது சூதாட்டக் கணக்கு, கடைக்காரனுக்கு எதற்கு என்று நம்மில் பலர் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம்.

அந்தக் கணக்கு வளர்ந்த விதத்தைப் பார்த்தால் அப்படித் தள்ள முடியாது. ஒரு பங்குப் பிரிவினைக் கேள்வியிலிருந்து அது எழுந்தது. கப்பல் சரக்கையும் இன்சூரன்ஸையும் தொட்டு வளர்ந்தது. கடன் கொடுப்பவரும், கெட்டுப்போகும் சரக்கை வாங்கி வைப்பவரும் தினமும் மனத்துக்குள் போடுகிற கணக்கும் அதுதான். மனக்கணக்கைத் தாளில் போட்டால் எங்கே மாறுகிறது என்பதை இங்கே காண்போம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

பகடை பழையது, கணக்கு புதியது

பகடை மிகப் பழையது. மொகஞ்சதாரோ அகழ்வாய்விலேயே பகடைகள் கிடைத்திருக்கின்றன. மகாபாரதத்தில் நளன் சூதில் நாட்டை இழந்த கதை நமக்குத் தெரியும். அதே கதையில் இருதுபன்னன் என்ற அரசன், தேரில் போகும்போதே ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் கணித்துச் சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. சூதின் நுட்பமும் எண்ணிக் கணிக்கும் நுட்பமும் சேர்ந்தவை என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

ஆனால் அது முறையான கல்வியாக உருப்பெற்றது ஐரோப்பாவில், 16, 17-ஆம் நூற்றாண்டுகளில். இத்தாலியின் மிலான் நகர மருத்துவர் கார்டானோ பகடையாட்டம் பற்றி ஒரு நூல் எழுதினார். இரண்டு பகடை உருட்டினால் 36 விதமாக விழலாம், அதில் நமக்கு வேண்டியது எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அவர் வழி. அவர் 1576-இல் இறந்தார். நூல் 1663-இல்தான் அச்சேறியது. அதற்குள் வேறு இருவர் முந்திக்கொண்டார்கள்.

பேரேட்டுப் புத்தகத்தில் ஒரு வழக்கு

பற்று, வரவு என்று இரட்டைப் பதிவாகக் கணக்கு எழுதும் முறையை நாம் எல்லோரும் பின்பற்றுகிறோம். வெனிஸ் வணிகர்கள் கையாண்டுவந்த அந்த முறையை விளக்கி அச்சில் கொண்டுவந்தவர் லூக்கா பாச்சியோலி என்ற துறவி. அவருடைய நூல் 1494-இல் வெனிஸ் நகரில் வெளிவந்தது. அதே நூலில் ஒரு பிரிவினைக் கேள்வியும் இருக்கிறது.

இரண்டு அணிகள் பந்து விளையாடுகின்றன. ஒரு ஆட்டத்துக்குப் 10 புள்ளி. முதலில் 60 புள்ளி எடுக்கும் அணிக்குப் பந்தயப் பணம் முழுவதும். ஒரு அணி 50, மற்றது 20 என்று இருக்கும்போது ஆட்டம் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது?

எடுத்த புள்ளிகளின் விகிதப்படி பிரிக்கலாம் என்றார் பாச்சியோலி. ஏழு பங்கில் ஐந்து முதல் அணிக்கு, இரண்டு அடுத்த அணிக்கு. கேட்டால் நியாயம்போல்தான் இருக்கிறது.

1556-இல் தார்த்தாலியா என்ற கணித அறிஞர் இதை மறுத்தார். ஒரே ஒரு ஆட்டம் முடிந்து, ஒருவர் ஒன்று, மற்றவர் பூஜ்யம் என்று இருக்கும்போது நின்றால் என்ன ஆகும்? பாச்சியோலியின் விகிதப்படி முதல்வருக்கே எல்லாப் பணமும் போய்விடும். ஒரு ஆட்டம் தோற்றதற்கு முழுப் பணமும் பறிபோவது என்ன நியாயம்? கேள்வி சரிதான். ஆனால் ஏற்கத்தக்க விடை கிடைக்க இன்னும் நூறாண்டு பிடித்தது.

1654-ஆம் ஆண்டுக் கடிதங்கள்

விடை கண்டவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஒருவர் பிளேஸ் பாஸ்கல். வரி அதிகாரியாக இருந்த தந்தையின் கூட்டல் வேலையைக் குறைக்க, இருபது வயதை எட்டும் முன்பே ஒரு கணக்குப் போடும் இயந்திரத்தை வடிவமைத்தவர். மற்றவர் பியர் தெ ஃபெர்மா. துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். கணிதம் அவருக்கு ஓய்வுநேர வேலை. மேரே என்ற பிரபு பாஸ்கலிடம் கொண்டுவந்த சூதாட்டக் கேள்விகளை ஒட்டி, 1654-இல் இருவரும் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். நிகழ்தகவுக் கல்வியின் பிறப்பை அந்தக் கடிதங்களிலிருந்தே கணக்கிடுகிறார்கள்.

பாஸ்கல் எடுத்துக்கொண்ட உதாரணம் இது. இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகிறார்கள். மொத்தம் 64. முதலில் மூன்று ஆட்டம் ஜெயிப்பவருக்கு எல்லாம். இருவரும் சம திறமை உள்ளவர்கள். முதல்வர் இரண்டு, அடுத்தவர் ஒன்று ஜெயித்திருக்கும்போது ஆட்டம் நிற்கிறது.

முதல்வர் இப்படி எண்ணிப் பார்க்கலாம் என்றார் பாஸ்கல். "அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால் எனக்கு 64. தோற்றால் இருவரும் இரண்டுக்கு இரண்டு. அப்போது நின்றால் எனக்கு 32. ஆகவே 32 எப்படியும் என்னுடையது. மீதி 32-க்குத்தான் போட்டி. அதில் இருவருக்கும் சம வாய்ப்பு. எனவே பாதி, அதாவது 16 எனக்கு. ஆக மொத்தம் 48." அடுத்தவருக்கு 16.

ஃபெர்மா வேறு வழியில் வந்தார். இன்னும் அதிகமாகப் போனால் இரண்டு ஆட்டம். அவை நான்கு விதமாக முடியலாம்: முதல்வர் இரண்டும் ஜெயிப்பது, முதலாவதை மட்டும் ஜெயிப்பது, இரண்டாவதை மட்டும் ஜெயிப்பது, இரண்டும் தோற்பது. நான்கில் மூன்றில் பணம் முதல்வருக்கே. எனவே 64-இல் முக்கால் பங்கு, 48. வழி இரண்டு, விடை ஒன்று.

இப்போது தார்த்தாலியாவின் கேள்விக்கு வருவோம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற நிலையில் நின்றால் முதல்வருக்கு 44, அடுத்தவருக்கு 20 என்று இந்தக் கணக்கு காட்டுகிறது. யாரும் மொட்டையாக வீட்டுக்குப் போக வேண்டாம்.

பாச்சியோலியின் பந்தாட்டத்துக்கும் இதையே போடுவோம். முதல் அணிக்கு வேண்டியது இன்னும் ஒரே ஆட்டம். அடுத்த அணிக்கு வேண்டியது தொடர்ந்து நான்கு. நான்கையும் தொடர்ந்து ஜெயிக்க வாய்ப்பு பதினாறில் ஒன்று. ஆகவே பதினாறில் பதினைந்து பங்கு முதல் அணிக்கு. நூறு ரூபாய்ப் பந்தயம் என்றால் பாச்சியோலி கணக்கில் முதல் அணிக்கு 71 ரூபாய், பாஸ்கல் கணக்கில் 94 ரூபாய் அளவில். ஒரே ஆட்டம், ஒரே புள்ளி, வித்தியாசம் 22 ரூபாய்க்கு மேல்.

வித்தியாசம் எதனால் வந்தது? பாச்சியோலி நடந்து முடிந்ததைப் பார்த்தார். பாஸ்கலும் ஃபெர்மாவும் இனி நடக்கக்கூடியதை எண்ணினார்கள். கூட்டு வியாபாரம் பாதியில் பிரியும்போது நம்மிடையே வரும் சண்டையும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இதுவரை யார் எவ்வளவு விற்றார் என்றே பேசுகிறோம். கையிலுள்ள சரக்கு, வரவேண்டிய பாக்கி, முடியாத ஆர்டர் இவற்றில் எது எவ்வளவு தேறும் என்று எண்ணி விலை போடாமல் பிரித்தால், ஒருவர் நிச்சயம் ஏமாறுவார்.

எதிர்பார்ப்பு மதிப்பு

இந்தக் கணக்கு முறையை முதலில் அச்சு நூலாக்கியவர் ஹாலந்து நாட்டு ஹைகென்ஸ். ஆண்டு 1657. அவர் வழியைக் கடை மொழியில் சொன்னால் இதுதான்: வரக்கூடிய ஒவ்வொரு தொகையையும் அது வருவதற்கான வாய்ப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டு. அதுவே அந்த வியாபாரத்தின் இன்றைய நியாய விலை. இதை 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்கிறார்கள்.

ஒரு கடன் விற்பனையை எடுத்துக்கொள்வோம். 960 ரூபாய் அடக்கமுள்ள சரக்கை 1,000 ரூபாய்க்குக் கடனாகக் கொடுக்கிறோம். லாபம் 40 ரூபாய் என்று மனம் சொல்கிறது. இப்படி 100 பேருக்குக் கொடுத்ததில் 4 பேர் பணம் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வந்தது 96 பேரிடமிருந்து 96,000. நம் அடக்கம் 100 பேருக்கு 96,000. லாபம் பூஜ்யம். நூற்றுக்கு 3 பேர் என்றால் மொத்தத்தில் 1,000 ரூபாய் லாபம். 5 பேர் என்றால் 1,000 ரூபாய் நஷ்டம். கடைக் கூலியையும் வட்டியையும் இன்னும் சேர்க்கவில்லை.

"ஒன்றிரண்டு பேர் ஏமாற்றுவது சகஜம்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அந்த ஒன்றிரண்டு, மூன்று நான்காகும்போது நம் கடை நமக்காக நடக்கவில்லை. ஆகவே நம் பாக்கி நோட்டில் நூற்றுக்கு எத்தனை வராமல் நிற்கிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு கடைக்காரர் செய்த ஆராய்ச்சி

பகடைக்கு ஆறு முகம் என்பது பார்த்தாலே தெரியும். கடன் வாங்கியவர் திருப்பித் தருவாரா என்பது அப்படித் தெரியாது. இதற்கு வாய்ப்பை எங்கிருந்து எடுப்பது?

இதற்கு வழி காட்டியவர் நம்மைப் போன்ற ஒரு வியாபாரி. லண்டன் நகரில் ஊசி, நூல், பொத்தான் முதலிய சில்லறைச் சாமான் வியாபாரம் செய்தவர் ஜான் கிரான்ட். அந்த நகரில் வாரந்தோறும் எத்தனை பேர் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று பட்டியல் வெளியாகும். வாங்கியவர்கள் பார்த்துவிட்டுப் போடுவார்கள். கிரான்ட் பல ஆண்டுப் பட்டியல்களைத் திரட்டிக் கூட்டிப் பார்த்து, 1662-இல் ஒரு நூல் வெளியிட்டார். நூறு பேரில் 36 பேர் ஆறு வயதுக்குள் இறந்துபோகிறார்கள் என்று மதிப்பிட்டார். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதையும் காட்டினார். தம் முறையைக் கடைக் கணக்கு என்றே அவர் சொல்லிக்கொண்டார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற விஞ்ஞானக் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

அவர் போட்ட பாதையில் 1693-இல் எட்மண்ட் ஹாலி வந்தார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலி. பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புக் கணக்கைக் கொண்டு எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று பட்டியல் போட்டார். ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் பணம் தரும் திட்டத்துக்கு வயதுக்கு ஏற்ப என்ன விலை வைக்கலாம் என்றும் அதிலிருந்து கணக்கிட்டார். இன்றைய ஆயுள் இன்சூரன்ஸ் பிரிமியத்தின் வேர் அங்கே இருக்கிறது.

எண்ணிப் பார்த்து எடுத்த விகிதத்தை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர யாக்கோபு பெர்னூலி இதற்கு விடை தந்தார். அவர் 1705-இல் மறைந்தார். நூல் 1713-இல் வெளிவந்தது. ஒரு ஜாடியில் 3,000 வெள்ளைக் கல், 2,000 கறுப்புக் கல். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால், எடுக்க எடுக்க நம் எண்ணிக்கை மூன்றுக்கு இரண்டு என்ற உண்மை விகிதத்தை நெருங்கும் என்று அவர் நிரூபித்தார். இதற்குப் 'பெரும் எண்களின் விதி' என்று பெயர். மிக உறுதியாகச் சொல்ல 25,550 முறை எடுத்தால் போதும் என்று அவர் கணக்கிட்டார். பின்னால் வந்தவர்கள் அதைவிடக் குறைவாகவே போதும் என்று காட்டினார்கள். ஆனால் நாலைந்து முறை எடுத்துவிட்டு முடிவு கட்டக்கூடாது என்பது மாறவில்லை.

மூட்டையைக் குத்தி மாதிரி பார்க்கும் நமக்கு இதில் இரண்டு பாடம் உண்டு. ஒரு மூட்டையைப் பார்த்து நூறு மூட்டைக்கு விலை பேசக்கூடாது. அடுக்கின் மேலே இருப்பதை மட்டும் பார்க்காமல், அடியிலும் நடுவிலும் உள்ளதையும் கலந்து எடுக்க வேண்டும். ஜாடியின் கற்கள் நன்றாகக் கலந்திருந்தால்தான் பெர்னூலியின் விதி பலிக்கும்.

ஒரே இன்சூரன்ஸ், இரண்டு வணிகர்கள்

இனி வருவதுதான் சிறு வணிகர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. யாக்கோபுவின் தம்பி மகன் டேனியல் பெர்னூலி எழுதிய கட்டுரை ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1738-இல் வெளியானது. அதில் ஒரு வணிகர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்குகிறார். பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்கு விற்கலாம். அந்தப் பருவத்தில் 100 கப்பலில் 5 கப்பல் மூழ்குவது வழக்கம். இன்சூரன்ஸ் 800 ரூபிளுக்குக் குறைந்து கிடைக்கவில்லை. கட்டலாமா?

ஹைகென்ஸ் கணக்குப்படி 10,000-இல் நூற்றுக்கு 5, அதாவது 500 ரூபிள்தான் ஆபத்தின் விலை. 800 கேட்பது 300 அதிகம். அப்படியானால் யாருமே இன்சூரன்ஸ் கட்டக்கூடாது.

டேனியல் பெர்னூலி இதை ஏற்கவில்லை. ஒரு ரூபிளின் அருமை எல்லோருக்கும் ஒன்றல்ல; கையில் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்தது என்றார். பெரும் பணக்காரர் 10,000 இழந்தால் ஒரு வருஷ லாபம் போகும். சிறு வணிகர் இழந்தால் முதலே போய்விடும். அடுத்த வருஷம் வியாபாரம் செய்ய அவர் இருக்க மாட்டார். இந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்து அவர் கண்ட விடை: அந்த வணிகருக்கு வேறு சொத்து 5,043 ரூபிளுக்குக் குறைவாக இருந்தால், 800 கொடுத்தும் இன்சூரன்ஸ் செய்வதே நல்லது. அதற்கு மேல் இருந்தால் ஆபத்தைத் தாமே தாங்கலாம். இன்சூரன்ஸ் கொடுப்பவருக்கும் ஒரு கணக்கு போட்டார். அவரிடம் 14,243 ரூபிளாவது இருந்தால்தான் 800 வாங்கிக்கொண்டு பொறுப்பேற்பது அவருக்குக் கட்டும்.

நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மொத்த வியாபாரத்தில் இருக்கிறோம். "பெரிய கடைக்காரரே இன்சூரன்ஸ் கட்டவில்லை, எனக்கு எதற்கு?" என்ற பேச்சைச் சிறு கடைக்காரர்களிடம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெரியவர் கட்டாததற்குக் காரணம் அவருடைய கையிருப்பு. அவர் கணக்கு அவருக்குச் சரி. அதே கணக்கைச் சிறியவர் எடுத்துக்கொண்டால் ஒரே ஒரு தீ விபத்தில் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். மொத்தமாகச் சரக்கு எடுத்து விலை ஏறக் காத்திருப்பதும் இப்படித்தான். ஆதாயம் இருவருக்கும் ஒன்றானாலும், தவறினால் வரும் அடி ஒன்றல்ல.

அதே கட்டுரையில் இன்னொரு வணிகர் வருகிறார். ஊரில் 4,000 பொற்காசு சொத்து, கடல் கடந்த ஊரில் 8,000 பொற்காசு மதிப்புள்ள சரக்கு. பத்துக் கப்பலில் ஒன்று மூழ்கும். எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றினால் எல்லாம் போக வாய்ப்பு பத்தில் ஒன்று. பாதிப் பாதியாக இரண்டு கப்பலில் ஏற்றினால், இரண்டும் மூழ்கினால்தான் எல்லாம் போகும். அதற்கு வாய்ப்பு நூறில் ஒன்று. இரண்டு வழியிலும் எதிர்பார்ப்பு மதிப்பு 7,200 தான். ஆனால் பெர்னூலி கணக்கில் ஒரு கப்பல் சரக்கு அவருக்கு 6,751 பெறும். இரண்டு கப்பல் சரக்கு 7,033 பெறும். சரக்கைப் பிரித்ததால் மட்டுமே 282 கூடியது.

ஒரு எச்சரிக்கை வேண்டும். இரண்டு கப்பலும் ஒரே புயலில் சிக்காது என்றால்தான் நூறில் ஒன்று என்ற கணக்கு நிற்கும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது தாழ்வான பகுதிகளில் தெருத்தெருவாகத் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட ஒரே தெருவில் இரண்டு குடோன் வைத்திருப்பது சரக்கைப் பிரித்து வைத்ததாகாது. பிரிப்பது என்றால் ஒரே அடியில் இரண்டும் விழாதபடி பிரிக்க வேண்டும்.

கணக்கின் அஸ்திவாரம்

இப்படிப் பல கைகளால் கட்டப்பட்ட வீட்டுக்கு முறையான அஸ்திவாரம் போட்டவர் ரஷ்யக் கணித மேதை கொல்மகோரோவ். ஆண்டு 1933. அடிப்படை விதிகள் எளிமையானவை. ஒரு ரூபாயைப் பங்கு போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பங்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. நடக்கக்கூடிய எல்லாவற்றின் பங்கும் சேர்ந்து சரியாக ஒரு ரூபாய். இரண்டும் சேர்ந்து நடக்க முடியாத நிகழ்ச்சிகள் என்றால், ஏதாவது ஒன்று நடக்கும் வாய்ப்பு அவற்றின் பங்குகளின் கூட்டுத்தொகை. இன்றைய நிகழ்தகவுக் கல்வி இதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது விதியை நாம் அடிக்கடி மறக்கிறோம். "விலை ஏற முக்கால் வாய்ப்பு" என்று சொல்பவர், மீதிக் கால் பங்கு ஏறாமல் போகும் என்றும் சேர்த்தே சொல்கிறார். அந்தக் கால் பங்கு வந்தால் என்ன செய்வோம் என்று யோசித்த பிறகே முக்கால் பங்கை நம்பிப் பணம் போட வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. பகடையில் ஐந்து முறை ஆறு விழவில்லை என்றால், அடுத்த முறை விழுந்துதான் ஆக வேண்டும் என்று சூதாடி நினைக்கிறான். பகடைக்கு ஞாபகம் கிடையாது. ஆறாவது முறையும் வாய்ப்பு ஆறில் ஒன்றேதான். "மூன்று வாரமாக விலை இறங்கிவிட்டது, இனி ஏறித்தான் தீரும்" என்பதும் இந்த வகைப் பேச்சே. வரத்து, விளைச்சல், இறக்குமதி என்று காரணம் இருந்தால் ஏறும். இறங்கியது மட்டும் ஏறுவதற்குக் காரணம் ஆகாது.

பயிற்சிக் கணக்கு

ஒரு கடைக்காரர் தினமும் 20 ரொட்டிப் பாக்கெட் எடுக்கிறார். அடக்கம் 20 ரூபாய், விற்பனை 25 ரூபாய். விற்காததைக் கம்பெனி திருப்பி எடுக்காது. மறுநாள் விற்கவும் முடியாது. 21-ஆவது பாக்கெட்டும் எடுக்கலாமா?

விடை: விற்றால் லாபம் 5 ரூபாய். விற்காவிட்டால் நஷ்டம் 20 ரூபாய். 30 நாளில் 24 நாள் விற்றால் லாபம் 120. மீதி 6 நாள் நஷ்டமும் 120. சரிக்குச் சரி. ஆகவே 21-ஆவது வாடிக்கையாளர் 30 நாளில் 24 நாளுக்கு மேல் வந்தால் மட்டும் எடுக்கலாம். 20 நாள் வருகிறார் என்றால், "ரொட்டி இல்லை" என்று சொல்வதே லாபம். ஆனால் ரொட்டி கிடைக்காததால் அவர் மற்றச் சாமானையும் வேறு கடையில் வாங்கிக்கொள்வார் என்றால், அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தக் கணக்குக்கு வேண்டிய விவரம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. தினமும் எத்தனை மீந்தது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது, தீர்ந்த பிறகு எத்தனை பேர் கேட்டார்கள் என்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் ஒரு மாதத்தில் கிடைத்துவிடும். லண்டன் கடைக்காரர் கிரான்ட் செய்ததும் குறித்து வைத்ததைக் கூட்டிப் பார்த்ததுதான். நம் சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு சரக்குக்காவது இம்மாதம் இதைச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.